கொடுக்காத முடி

மெட்ராஸிலிருந்து திரும்பி நான்கு நாட்கள் ஆகியும் வடிவு ஓரிடத்தில் கால் மணி நேரம் சேர்ந்தாற்போல உட்காரவில்லை. மைசூர் மண்டி மொஹல்லாவின் அந்த ஒற்றை அறை வீட்டில் நடப்பதற்கு இடமும் அதிகம் இல்லை. அடுப்பிலிருந்து வாசலுக்கு ஆறு எட்டு, வாசலிலிருந்து ஜன்னலுக்கு நாலு எட்டு. ஜன்னலுக்கு எதிரே வெல்ல மண்டியின் சுவர். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போது கை தானாக முந்தானைக்குள் நுழைந்து தலைக்குப் போகும். வலப்பக்கம் விரலில் சொரசொரப்பு தட்டும், அறுத்து முடித்த ராகிக் கொல்லையில் கால் வைத்ததுபோல. இடப்பக்கம் ஒன்றுமே இராது. காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வரைக்கும் தோல் வழவழவென்று இறுகிக் கிடந்தது. தொட்டால் வேறு யாருடைய தலையையோ தொடுவதுபோல இருந்தது.

இடக்காதுக்குப் பின்னால் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. அதை அறுத்துப் பார்த்த டாக்டர் மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள். நர்ஸ் அவள் தலையில் ஊதா மையால் கட்டம் போட்டுவிட்டு, "அசையாதேம்மா" என்று சொல்லி வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அசையாமல் இருப்பது ஒன்றுதான் வடிவுக்குத் தெரியாத வேலை. இயந்திரத்தின் முனகலைக் கேட்டபடி மனத்துக்குள்ளேயே மைசூர்த் தெருக்களில் நடப்பாள். மணிக்கூண்டைத் தாண்டி, மார்க்கெட் வாசல் வரைக்கும்.

மூன்றாம் வாரத்தில் ஒரு காலை எழுந்தபோது இடப்பக்கத்து முடி முழுவதும் தலையணையிலேயே தங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்த பிறகும் அது அவளோடு வரவில்லை. பாதித் தலையோடு நான்கு நாட்கள் இருந்து பார்த்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் குழந்தை அவளைப் பார்க்கும்போதெல்லாம் வீரிட்டது. ஐந்தாம் நாள் நாவிதரைக் கூப்பிட்டு மிச்சத்தையும் எடுக்கச் சொன்னாள். வலப்பக்கம் வளர்ந்துவிடும், இடப்பக்கம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து வா, கட்டியைப் பற்றியும் அப்போது பார்ப்போம் என்றார்.

தெருவில் யாருக்கும் இது தெரியாது. வடிவு கொள்ளேகாலில் அம்மா வீட்டுக்குப் போயிருப்பதாக அவள் புருஷன் ரத்தினவேல் சொல்லி வைத்திருந்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவனோடு வேலை செய்கிறவனின் மனைவிக்குப் போன வருஷம் மார்பில் புற்று என்று தெரிந்ததும், அவர்கள் தெருப் பெண்கள் அவள் குடம் வைத்த குழாயடியைக் கழுவிவிட்டுத்தான் தங்கள் குடத்தை வைத்தார்கள். அவளாவது வீட்டில் இருப்பவள். வடிவு பூ விற்பவள். அவள் கையால் கட்டிய பூவைப் பெண்கள் தங்கள் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் விடிந்ததும் அவள் கூடையை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் புள்ள" என்றான் ரத்தினவேல். "முடி கொஞ்சம் வளரட்டும்."

"இந்தச் செவுத்தையே பாத்துட்டிருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சுப்போடுமுங்க. அப்புறம் அதுக்கு ஒரு கரண்ட் வைக்கோணும்."

அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

மார்க்கெட் பூ வரிசையில் வடிவின் இடம் ஒரு கல்தூணை ஒட்டி இருந்தது. இடப்பக்கம் தூண், வலப்பக்கம் சித்தம்மா. எட்டு வருஷமாக இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுகிறார்கள். ஐம்பதைத் தாண்டிய சித்தம்மாவுக்கும் சொந்த ஊர் கொள்ளேகால் பக்கந்தான். தமிழும் கன்னடமும் அவள் வாயில் ஒன்றாகவே வரும். வடிவு இல்லாத ஏழு வாரமும் அந்த இடத்தில் வேறு யாரும் உட்காராதபடி ஒரு ஈரச்சாக்கை விரித்து அதன் மேல் மரிக்கொழுந்தைப் பரப்பி வைத்திருந்தாள்.

"வந்தியா தாயி! உன்ற அம்மா உன்னைக் கட்டிப்போட்டுட்டாளாக்கும்னு நெனச்சேன். ஏனே இப்படி எளச்சுப் போயிட்டே? அங்கே சோறு போடலையா?"

கூடையை இறக்கக் குனிந்தபோது வடிவின் முந்தானை வழுக்கிக் கழுத்தில் விழுந்தது. சித்தம்மாவின் விரல்கள் மொக்குகளுக்குள் அப்படியே நின்றன. அவள் பார்த்தது வலப்பக்கத்தை மட்டுந்தான். மழித்து முடி அரும்பிக்கொண்டிருந்த தலை.

"வடிவு, மலைக்கா போனே?"

வடிவு முந்தானையை இழுத்துவிட்டாள்.

"மாதப்பனுக்கா குடுத்தே? முழுசாவா?"

கொள்ளேகாலுக்கு அப்பால் காட்டுமலை மேல் இருக்கும் மாதேஸ்வரனைத்தான் அந்தப் பக்கத்தார் மாதப்பன் என்பார்கள்; வேண்டிக்கொண்டவர்கள் மலையேறிப் போய் அவருக்கு முடி கொடுப்பார்கள். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. வடிவு சொன்னது, "தண்ணி தெளிக்கோணும் சித்தக்கா, மொக்கு வாடுது" என்பதுதான்.

சித்தம்மா அவள் கையைப் பிடித்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். பிறகு எழுந்து நின்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னாள்: "அம்மா வீட்டுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுச் சத்தமில்லாம மலையேறிட்டு வந்திருக்குது பாருங்க! வேண்டுதலை வெளிய சொல்லக்கூடாதுன்னு என்ன அழுத்தம் பாரு இவளுக்கு! நானா இருந்தா ஊர் பூரா தமுக்கு அடிச்சிருப்பேன்."

"நீ இப்ப அடிக்கிறது என்னவாம்?" என்று கனகாம்பரம் விற்பவள் கேட்டாள். வரிசை முழுவதும் சிரித்தது. வடிவும் சிரித்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் ரத்தினவேலிடம் சொன்னபோது அவன் கேட்டான்: "அவங்க கேட்டதுக்கு நீ ஆமான்னு சொன்னியா?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன? பொய்யைச் சொன்னது அவங்க."

மறுநாளிலிருந்து அவளுடைய மல்லிகைக்குத் தனி மவுசு வந்தது. மாதேஸ்வரனுக்கு முழு முடியும் கொடுத்தவள் கையால் முதல் முழம் வேண்டும் என்று பெண்கள் காத்து நின்றார்கள். கல்யாண வீடுகளிலிருந்து மொக்கு ஜடைக்கு ஆள் வந்தது. மல்லிகை மொக்குகளை வாழைப்பட்டையில் நெருக்கமாகத் தைத்து மணப்பெண்ணின் பின்னல் மேல் உச்சியிலிருந்து நுனி வரை கட்டுவதில் அந்த வரிசையில் வடிவுக்கு ஈடு கிடையாது. முன்பெல்லாம் அது கைக்கு வேலையாக மட்டும் இருந்தது. இப்போது முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கூந்தலை மூன்றாகப் பிரித்து எடுக்கும்போது அதன் கனம் மணிக்கட்டு வரை ஏறியது. எவ்வளவு கனமான பொருளை இவர்கள் எல்லோரும் தெரியாமலேயே சுமந்துகொண்டு நடக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். சில சமயம் பின்னிக்கொண்டே இருந்து, ஏதோ ஒரு தெருவின் முனையில் போய் நின்றவள்போல, கை நின்றுவிடும். "என்னாச்சு?" என்று அந்தப் பெண் திரும்பிப் பார்ப்பாள்.

ஆனால் அவளை நிலைகொள்ளாமல் ஆக்கியது வேறு. கொள்ளேகாலில் பிறந்தவர்கள் எந்தப் பொய்யையும் சொல்வார்கள், மாதப்பன் பெயரில் மட்டும் சொல்ல மாட்டார்கள். வெண்கலத் தாளங்களைச் சுழற்றியடித்து மாதேஸ்வரன் கதை பாடிவரும் கம்சாளைக்காரர்கள் தெருமுனையில் தென்பட்டால் வடிவு பருப்புக் கடைக்குள் புகுந்துகொண்டு, வேண்டாத துவரம்பருப்பை விலை கேட்டுக்கொண்டு நிற்பாள். பாட்டுச் சத்தம் தேய்ந்த பிறகுதான் வெளியே வருவாள்.

முடியும் அவளைச் சும்மா விடவில்லை. வலப்பக்கம் நாளுக்கு நாள் வளர்ந்து இப்போது ஒரு விரற்கடையின் பாதிக்கு வந்துவிட்டது. கருகருவென்று, பூனைக்குட்டியின் முதுகைப்போல. ஒவ்வொரு காலையும் விழித்ததும் முதல் வேலையாக அதைத் தடவிப் பார்ப்பாள். அது வளர்வதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்ல முடியாது. அதே சமயம் இடப்பக்கம் கல்லாகவே கிடந்தது. மலையில் கொடுத்த முடியானால் இரண்டு பக்கமும் ஒன்றாக வளர வேண்டும். முந்தானையை ஊசியால் ரவிக்கையோடு குத்திக்கொண்டாள். தூணை ஒட்டி இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

அமாவாசைக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் சித்தம்மாவின் மகள் மாதேவி வடிவின் வீட்டுக்கு வந்தாள். இருபது வயது. ஹுணசூரில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷமாகிறது. குழந்தை இல்லை. நான்கு மாதத்துக்கு முன் புருஷன் அவளை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போனவன், இன்னும் கூட்டிப்போக வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, தன் பின்னலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அது மடியில் சுருண்டு தரையையும் தொட்டது.

"அக்கா, கத்தி படறப்ப வலிச்சுதா?"

"எந்தக் கத்தி?"

"மலையில."

வடிவு அடுப்பிலிருந்து வாசலுக்கு நடந்தாள்.

"அம்மா என்னையக் கூட்டிட்டுப் போகுது. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு. கொழந்தைக்காக மூணு வெரல் நீளம் குடுக்கறதாத்தான் வேண்டியிருந்துச்சு. உங்களைப் பாத்த பொறகு முழுசாக் குடுக்கோணும்னு சொல்லுது. அரைகுறையாக் குடுத்தா அரைகுறையாத்தான் கெடைக்குமாம்." மாதேவி பின்னலின் நுனியை விரலில் சுற்றினாள். "அவரு வந்தா மொதல்ல இதைத்தான் புடிச்சு இழுப்பாரு, அக்கா. மூஞ்சியைக்கூட அப்புறந்தான் பாப்பாரு. இதுவும் போயிருச்சுன்னா எதைப் பாத்துட்டு வருவாரு?"

"அம்மாகிட்டச் சொல்றதுதானே?"

"சொன்னேன். 'வடிவுக்கு இல்லாத புருஷனா உனக்கு'ன்னு கேக்குது." அவள் சட்டென்று வடிவின் கையைப் பிடித்தாள். "நீங்க சொன்னா கேக்கும். மூணு வெரல் போதும்னு மாதப்பன் உங்க கனவுல வந்து சொன்னதாச் சொல்லுங்க."

வடிவு கையை உருவிக்கொண்டாள். கனவில் வந்தானா இல்லையா என்று யார் போய்க் கேட்கப் போகிறார்கள்? ஒரு பொய்க்கு இன்னொன்று. ஆனால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் பூ கட்டிக்கொண்டே, கனவை விட்டுவிட்டு, வெறுமனே சொல்லிப் பார்த்தாள்: "சின்னப் பொண்ணு. மூணு வெரல் நீளம் போதாதா சித்தக்கா?"

சித்தம்மா நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். "முழுசாக் குடுத்தவ நீ. அந்த வாயால கொஞ்சம் போதும்னு சொல்லாதே. நீ குடுத்துட்டு வந்து எப்படி இருக்கேன்னு நான் பாக்கலியா? போகும்போது மூஞ்சியில ரத்தம் இல்லாம போனே. மாதப்பன் உனக்கு உசுரைத் திருப்பிக் குடுத்திருக்காரு."

அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்ததுதான் வடிவை அன்று முழுவதும் அலைக்கழித்தது. பூ விற்று முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், மணிக்கூண்டைச் சுற்றி, வந்த தெருவிலேயே திரும்பித் திரும்பி நடந்தாள்.

"அவங்க முடி, அவங்க சாமி" என்றான் ரத்தினவேல். "நமக்கு என்ன வந்துச்சு? நீ வாயைத் தொறந்தீன்னா நாளைக்கு அந்த வரிசையில உனக்கு எடம் இருக்காது. ஒரு முழம் வாங்க ஆள் வராது. அவளுக்கு முடி மறுபடி வளரும், புள்ள."

"அது வளர்றதுக்குள்ள அவன் வேற ஒருத்தியைக் கட்டிப்போடுவான்."

"அது உன்ற தப்பா?"

வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் வடிவு எழுந்து புறப்பட்டபோது ரத்தினவேலும் எழுந்தான். எங்கே என்று கேட்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தான்.

கொள்ளேகால் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கூரையில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "உகே மாதப்பா, உகே!" என்று உள்ளேயிருந்து யாரோ குரல் கொடுக்க, பஸ்ஸே திருப்பிச் சொன்னது. மாதேவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பின்னலைப் புடவைக்குள் ஒளித்திருந்தாள். சித்தம்மா வாசலில் நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள், வடிவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வழியனுப்ப வந்தியா தாயி?"

வடிவு அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கம் போனாள். அங்கே ஆள் இல்லை. ரவிக்கையில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். முந்தானையைத் தள்ளினாள். தலையை வலப்பக்கமாகச் சாய்த்து இடப்பக்கத்தைக் காட்டினாள். கறுத்து இறுகிய தோலும், காதோரத்தில் இன்னும் முழுவதும் போகாத ஊதா மையும் காலை வெளிச்சத்தில் தெரிந்தன.

"நான் மலைக்குப் போகலை சித்தக்கா. மெட்ராஸுக்குப் போனேன். எனக்குப் புத்துநோயி. கரண்ட் வச்சாங்க. முடி தானா உழுந்துருச்சு."

சித்தம்மா ஒரு எட்டுப் பின்னால் போனாள். இதைத்தான் வடிவு எதிர்பார்த்திருந்தாள். குழாயடி, கழுவிய கல், காலியான ஈரச்சாக்கு எல்லாம் ஒரு கணத்தில் கண்முன் வந்து போயின.

ஆனால் சித்தம்மா கேட்டது, "அப்போ மாதப்பனுக்கு நீ ஒண்ணுமே குடுக்கலையா?"

"இல்லை."

"உன்ற கையை நான் கண்ணுல ஒத்திக்கிட்டேனே!" சித்தம்மாவின் குரல் உயர்ந்தது. "ஊரு பூராச் சொன்னேனே! அவரு பேரைச் சொல்லி உன்கிட்ட முழம் முழமா வாங்கிட்டுப் போனாங்களே! நோயின்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்? ஏன்டீ, மாதப்பனைப் போயா ஏமாத்துவே?"

"நான் ஆமான்னு சொல்லலை."

"இல்லைன்னும் சொல்லலையே!"

கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டினார். சித்தம்மா அசையவில்லை. அவள் கண்கள் வடிவின் தலையின் வலப்பக்கத்துக்குப் போய் அங்கேயே நின்றன. வடிவுக்குப் புரிந்துவிட்டது. கை தானாக எழுந்து அந்த அரை விரற்கடை முடியை மூடிக்கொண்டது.

"ஏறு" என்றாள் சித்தம்மா.

"சித்தக்கா, அது இப்பத்தான்..."

"குடுத்ததா ஊருக்கே சொல்லியாச்சு. அவரு காதுலயும் உழுந்திருக்கும். அவரு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? என்ற மகளுக்கு மூணு வெரல் போதும். உனக்குப் போதாது. ஏறு."

ரத்தினவேல் சைக்கிளோடு ஓடிவந்தான். பாதிதான் அவன் காதில் விழுந்திருந்தது. "எங்க புள்ள ஏர்றே? மாத்துப் புடவைகூட இல்லாம! டாக்டரு வெயில்ல நடக்க வேண்டாம்னு சொன்னாரு!"

வடிவு படியில் கால் வைத்தாள். ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள். இறங்கி ஓடிவிடலாம், அவன் பின்னால் சைக்கிளில் உட்கார்ந்துவிடலாம் என்றிருந்தது.

"மத்தியானத்துக்கு நான் என்ன பண்றது?" என்றான் அவன்.

"நேத்துச் சோத்துல தண்ணி ஊத்தியிருக்குது. மொளகாயும் இருக்குது" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

கொள்ளேகால் வரைக்கும் சித்தம்மா அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாதேவி மட்டும் நடுவில் உட்கார்ந்து ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் பார்த்தாள். வடிவு வழியெல்லாம் முந்தானைக்குள் வலப்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். பஸ் போகிற தூரம் முடிந்து காட்டுவழி நடை தொடங்கியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. நிற்கவும் முடியவில்லை, நின்றால் யோசனை வந்தது. கடைசி ஏற்றத்தில் அவள் கால் தடுமாறியபோது சித்தம்மா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். மேலே போய்ச் சேரும் வரை பிடியை விடவில்லை. பிடி இறுக்கமாக, கோபமாகவே இருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுதில் முடியிறக்குமிடத்தில் மாதேவியின் பின்னலில் மூன்று விரல் நீளம் கத்தரிக்கப்பட்டு இலையில் விழுந்தது. நாவிதர் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்து வடிவு உட்கார்ந்தாள். அவர் தலையில் தண்ணீர் தெளித்து, தேய்த்து, கத்தியை எடுத்தவர் நிறுத்திவிட்டார்.

"இதென்னம்மா, இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லை?"

வடிவு வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து சித்தம்மா சொன்னாள்: "அதை அவரு முன்னாடியே எடுத்துக்கிட்டாரு. நீ மிச்சத்தை எடு."

கத்தி வலப்பக்கத்தில் ஓடியது. வலிக்கவில்லை. ஆனால் முடி கன்னத்தில் தூளாக உதிர்ந்தபோது, மெட்ராஸில் ஒருநாளும் அழாத வடிவு அழுதாள். நாவிதர் கத்தியை நிறுத்தவில்லை. இங்கே பலர் அழுவார்கள்போல. முடிந்ததும் தலை முழுவதும் குழைத்த சந்தனத்தைப் பூசினார்கள். வலப்பக்கம் குளிர்ந்தது. இடப்பக்கம் எதுவும் தெரியவில்லை.

கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் வடிவு கேட்டாள்: "சித்தக்கா, வரிசையில சொல்லிப்போடுவியா?"

சித்தம்மா வெற்றிலையைத் தேடி மடியைத் துழாவினாள். இல்லை. "எனக்கே தெரியலை" என்றாள். "சொல்லக்கூடாதுன்னுதான் இப்போ இருக்குது. திங்கக்கிழமை கனகாம்பரக்காரி வாயைக் கிண்டுனா என்னாகும்னு தெரியலை. எட்டு வருசமா நான் எதையும் உள்ள வச்சுப் பழகலை."

"டாக்டரு சொன்ன மூணு மாசம் ஆனதும் மறுபடி மெட்ராஸ் போகோணும். கட்டி போயிருச்சான்னு பாப்பாங்க."

"போ. யாரு வேண்டாம்னாங்க?" என்றாள் சித்தம்மா. மடியை உதறி முடித்து, "ஒண்டியாவா போனே அங்க?" என்று கேட்டாள்.

"கொண்டுபோய் விட்டுட்டு வந்துட்டாரு. அவருக்கு லீவு இல்லை."

மாதேவி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, குறைந்துபோன நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி பின்னத் தொடங்கியிருந்தாள். கீழே இறங்குகிற கூட்டம் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. உட்காரச் சொல்லிச் சித்தம்மா கல்லைத் துடைத்துக் காட்டினாள். வடிவு உட்கார்ந்தாள், எழுந்தாள், சந்தனம் காய்ந்து இழுக்கிற தலையோடு கோயில் சுவரை ஒட்டி நடக்க ஆரம்பித்தாள்.